‘பழகிவிட்டது’ என்று உடல் சொல்வதில்லை

வெயிலில் வேலை செய்யும் ஒருவரைப் பார்க்கும்போது நாம் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “அவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.” அடுக்குமாடிக்குக் கீழே புல் வெட்டும் ஊழியர், நண்பகலில் திடலைச் சுற்றி ஓடும் பள்ளி மாணவர், சாலைப் பணியில் தார் கொட்டுபவர் என எல்லாருக்கும் இந்த ஒரே வாக்கியம் பொருந்திவிடுகிறது. பெரும்பாலும் கனிவோடுதான் சொல்கிறோம். சில நேரம் அதில் பாராட்டும் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உடல் வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மை. ஆனால், பழகிய உடலுக்கு எதுவும் தேவையில்லை என்ற பொருளில் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். உடலியல் சொல்வது அதற்கு நேர்மாறானது.

வரைபடத்தில் இல்லாத செலவு

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படித்த எவருக்கும் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்ற சொல் நினைவிருக்கும். தமிழில் உடற்சமநிலை எனலாம். உடலுக்கு வெளியே என்ன நடந்தாலும் உள்ளே வெப்பம், நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்ளும் திறன் அது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே, உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் ‘உள்சூழல்’ நிலையாக இருப்பதுதான் சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்று விளக்கினார். அந்தக் கருத்துக்கு 1926ல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் வால்டர் கேனன்.

தேர்வுக்கு நாம் படிக்கும் வரைபடம் எளிமையானது. உடல் சூடாகிறது; மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் அதை உணர்கிறது; தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன; வியர்வை சுரக்கிறது; உடல் மீண்டும் 37 டிகிரி செல்சியசுக்குத் திரும்புகிறது. அம்புக்குறி வட்டமாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நான்கு மதிப்பெண் கிடைத்துவிடும்.

அந்த வட்டத்தில் ஒன்று மட்டும் வரையப்படுவதில்லை. அந்த வட்டம் சுற்ற என்ன செலவாகிறது, அந்தச் செலவை எந்த உறுப்பு கட்டுகிறது என்பதுதான் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. தசைகள் வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் கால் பங்கு கூட உழைப்பாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வெப்பமாகிறது. மண்வெட்டியோடு கடுமையாக உழைப்பவரின் உடலில் 500 வாட் வெப்பம் உருவாவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். அப்படியென்றால், ஒரு மணி நேரக் கடும் உழைப்பின் வெப்பத்தை வியர்வையால் மட்டும் வெளியேற்ற முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்.

‘ஆவியாக வேண்டும்’ என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது நீரும் உப்பும் வீணாவது மட்டுமே. சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நம் வியர்வையில் பெரும்பகுதி ஆவியாக இடமில்லாமல் வழிந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாக வியர்க்கிறது. சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்து ‘நன்றாக வியர்க்கிறது, உடம்புக்கு நல்லது’ என்கிறோம். இங்கே அது உடல் திணறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அடுத்து இதயம். நாம் ஓய்வாக இருக்கும்போது தோலுக்கு ஓடும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். அமைதியாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் மொத்த இரத்தமே நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் உழைக்கும் தசைகளும் இரத்தம் கேட்கின்றன. வியர்வையால் இரத்தத்தின் நீரோ குறைந்துகொண்டே வருகிறது. எனவே குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தை உடல் குறைக்கிறது. வெயிலில் உழைக்கும்போது குமட்டல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உடற்சமநிலை என்பது இலவசமாகக் கிடைப்பது அன்று. ஓர் உறுப்பிடம் கடன் வாங்கி இன்னோர் உறுப்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது.

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வழி

உயிரணு, திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்ற வரிசையை நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அதே உறுப்புகளை வைத்துக்கொண்டு வெவ்வேறு விலங்குகள் வெப்பத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால்தான் அந்த வரிசையின் பொருள் புரிகிறது.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சுவிட்டு, வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு, அதனால் சேற்றைத் தேடுகிறது. யானை தன் பெரிய காதுகளை வீசி, அவற்றில் ஓடும் இரத்தத்தைக் குளிர்விக்கிறது. நீர் கிடைக்காத ஒட்டகம் வேறொரு தந்திரம் செய்கிறது. 1950களில் சகாரா பாலைவனத்தில் ஆய்வு செய்த நட் ஷ்மிட்-நீல்சன், தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் ஏறக்குறைய 34 டிகிரியாக இருந்து, பகலில் 40 டிகிரியைத் தாண்டுவதைக் கண்டறிந்தார். பகலின் வெப்பத்தை உடலிலேயே சேர்த்துவைத்து, இரவின் குளிரில் வெளியேற்றிவிடுகிறது. வியர்வைக்குச் செலவாகும் நீர் மிச்சமாகிறது.

மனிதனால் அது முடியாது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் நம் மூளை தடுமாறத் தொடங்கும். நமக்கு அமைந்தது வேறு வழி: முடி அடர்ந்திராத தோல், அதில் பல மில்லியன் வியர்வைச் சுரப்பிகள். விலங்குலகில் மிகச் சிறந்த குளிரூட்டு ஏற்பாடுகளில் ஒன்று அது. ஆனால் அது தண்ணீரில் ஓடும் இயந்திரம். தண்ணீரும் காற்றும் ஓய்வும் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

பழகிய உடல் அதிகம் கேட்கும்

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். வெப்பத்தில் தொடர்ந்து உழைக்கும் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் உண்மையிலேயே மாறுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. வியர்வையின் அளவும் கூடுகிறது.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பழகிய உடல் அதிகமாக வியர்க்கிறது. ஆகவே பழகியவருக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. ‘பழகிவிட்டது, அவர் சமாளித்துக்கொள்வார்’ என்று நாம் நகர்ந்துபோகும் அதே மனிதருக்குத்தான் தண்ணீர்க் குவளையை முதலில் நீட்ட வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பழக்கம் நிரந்தரமும் இல்லை. சில வாரங்கள் வெப்பத்தில் உழைக்காமல் இருந்தால் அது கரைந்துவிடும். ஊருக்கு விடுப்பில் போய்த் திரும்பியவரும், பள்ளி விடுமுறை முழுவதும் வீட்டுக்குள் இருந்துவிட்டு முதல் வாரப் பயிற்சிக்கு வரும் மாணவரும் ஏறக்குறைய புதியவர்களே.

என் அப்பா கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். அவருடைய குழுவில் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர். “நாங்க பொறந்ததே வெயில்லதாண்ணே” என்று அவர்கள் அப்பாவிடம் சொல்வார்களாம். அது உண்மைதான். ஆனால் கோடைக்காலத்து உள்மாவட்டங்களின் வெயில் உலர்ந்த வெயில். 40 டிகிரி என்றாலும் வியர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே 33 டிகிரியிலும் காயாது. வெப்பமானியில் எண் குறைவாக இருப்பதால் சிங்கப்பூர் வெயில் லேசானது என்று நினைப்பது ஆபத்து.

அப்பாவிடமே ஒரு பழக்கம் உண்டு. ஒரு தளத்தில் கழிப்பறை வெகு தூரத்தில் இருந்ததால் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், “எனக்குப் பழகிடுச்சும்மா” என்பார். தாகம் பழகிப்போகலாம். ஆனால் சிறுநீரகத்துக்கு அது பழக்கமாவதில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தரும் உறுப்பு அது. நீர் குறையும்போது, கிடைத்ததையெல்லாம் சேமிக்கும்படி மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் அதற்குக் கட்டளையிடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிகராகுவா போன்ற நாடுகளில் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இளம் ஆண்களிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் அந்த நோய் வந்தது. வெப்பத்தில் நாள்தோறும் நீர் வற்ற உழைப்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நோய் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். அதுவரை எல்லாரும் ‘பழகிவிட்டது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விதிகள் இருக்கின்றன, எண்ணமும் மாற வேண்டும்

சிங்கப்பூர் இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டது. 1983ல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம் அது. அந்த மாதம் சில பள்ளிகள் சீருடைக்குப் பதிலாக உடற்பயிற்சி உடையில் வர மாணவர்களை அனுமதித்தன. ஜூலையில் வெப்ப அழுத்த ஆலோசனைச் சேவை தொடங்கப்பட்டது. அது வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. ‘டபிள்யூபிஜிடி’ எனப்படும் அளவைப் பயன்படுத்துகிறது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி, வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டை, நிழலில் உள்ள வெப்பமானி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. இதில் ஈரத் துணி வெப்பமானிக்கு மட்டும் 70 விழுக்காடு முக்கியத்துவம். வியர்வை எந்த அளவுக்கு ஆவியாகும் என்பதே உயிரைக் காக்கும் கேள்வி என்பதால்தான் இந்த ஏற்பாடு. அளவு 31 டிகிரியைத் தொட்டால் மிதமான நிலை. 33ஐத் தொட்டால் கடுமையான நிலை.

அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிப்புற வேலையிடங்களுக்கான நடவடிக்கைகளைக் கடுமையாக்கியது. அளவு 32 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தரவேண்டும். மணிக்கொரு முறையாவது தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். புதிதாக வந்தவர்களையும் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர்களையும் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். உடலியல் பாடப்புத்தகத்தை ஒட்டி எழுதப்பட்ட விதிகள் இவை.

தேசிய சேவையில் இருக்கும் என் அண்ணனும் இதையே சொல்கிறான். வெப்ப அளவைப் பொறுத்து வண்ணக் குறியீடு மாறும். குறியீடு மாறினால் பயிற்சி நேரமும் ஓய்வு நேரமும் மாறும். அங்கே யாரும் ‘பழகிவிட்டதா’ என்று கேட்பதில்லை. அளவியைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? என் பார்வையில், விதிக்கும் மனிதருக்கும் நடுவே. ஓய்வு எடுப்பவரைச் சோம்பேறியாகப் பார்க்கும் கண்கள் இருக்கும்வரை, 10 நிமிட ஓய்வைக் கேட்டு வாங்க ஓர் ஊழியர் தயங்குவார். பயிற்றுநர் அனுமதித்தாலும், அணியில் முதலில் உட்காரும் ஆளாக இருக்க எந்த 14 வயதுப் பையனும் விரும்பமாட்டான். வெட்கம் என்ற ஒன்று விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் திடலில் இருக்கிறது.

சிலர் கேட்கலாம்: “நம் தாத்தா காலத்தில் யார் மணிக்கொரு முறை ஓய்வு கொடுத்தார்கள்? அவர்கள் உழைக்கவில்லையா?” உழைத்தார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் எந்த நோயோடு எந்த வயதில் மறைந்தார்கள் என்பதை யாரும் வெயிலின் கணக்கில் எழுதவில்லை. “வசதியாக வைத்தால் உடம்பு பலவீனமாகிவிடும்” என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. குளிரூட்டிய அறையிலேயே இருக்கும் உடல் வெப்பத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளாது. ஆனால் அந்தக் கல்விக்குப் பாடத்திட்டம் உண்டு. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், இடையே நீரும் நிழலும். திடீரென்று தள்ளிவிடுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

தமிழில் சொல்ல வேண்டியது

நான் ஆங்கிலத்தில் அறிவியலும் வீட்டிலும் வகுப்பிலும் தமிழும் படித்து வளர்ந்தவள். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதைப் பார்க்கிறேன். ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்றால் பலருக்குக் கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதம்தான் நினைவுக்கு வருகிறது. ‘வெப்ப வாதம்’ என்று மொழிபெயர்த்தாலும் அதே குழப்பம். என் பாட்டியிடம் ‘உடம்பு சூடு’ என்று சொன்னால் அவர் வெந்தயத்தை எடுத்து ஊறவைப்பார். அவர் சொல்லும் சூடு வேறு, ஹைப்போதலமஸ் அளக்கும் சூடு வேறு.

ஆகவே தெளிவாகச் சொல்லிப் பழக வேண்டும். வெயிலில் உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொன்னால், அவருடைய மூளை சூடாகிவிட்டது என்று கொள்ளுங்கள். அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கலாம். தோல் வறண்டால்தான் ஆபத்து என்று காத்திருக்க வேண்டாம். உடனே 995ஐ அழைத்து, நிழலுக்குக் கொண்டுபோய், மேல்சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மருத்துவ வாகனம் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இந்த ஐந்தாறு வாக்கியங்கள் எளிய தமிழில் ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு தங்குவிடுதியிலும் பேசப்பட வேண்டும். சுவரொட்டியில் ஒட்டினால் மட்டும் போதாது.

உயிரியல், விளையாட்டு அறிவியல், தாதிமை படிக்கும் தமிழ் மாணவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். நாம் படித்ததை நம் மொழியில் சொல்ல ஆள் தேவைப்படும் இடங்கள் இந்தத் தீவில் நிறையவே உள்ளன. உள்ளூர்த் தமிழர்களுக்கும் வெளிநாட்டுத் தமிழ் ஊழியர்களுக்கும் இடையே பேச்சுத் தொடர்பு குறைவு என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம். அதைத் தொடங்க இதைவிடப் பயனுள்ள பேச்சு வேறென்ன இருக்க முடியும்?

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உடற்சமநிலைப் பாடத்தை நடத்தும் அதே வாரத்தில் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்று அன்றைய டபிள்யூபிஜிடி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தங்கள் எடையைத் தாங்களே பார்த்து, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று கணக்கிடட்டும். ஒரு கிலோகிராம் குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. தங்கள் உடலிலிருந்தே அந்த எண்ணைப் பெற்ற மாணவர், அணித்தலைவராகும்போது தன் அணியைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிடமாட்டார். பின்னாளில் பொறியாளராகவோ முதலாளியாகவோ ஆகும்போதும் அந்த எண் அவருக்கு நினைவிருக்கும்.

அடுத்த முறை வெயிலில் உழைப்பவரைப் பார்க்கும்போது ‘பழகிவிட்டது’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தால், அதை ஒரு கேள்வியாக மாற்றிக் கேளுங்கள்: “தண்ணி குடிச்சீங்களாண்ணே?”